யாரை விளித்துப் புலம்புவது?

புலம்புகிறவர் எவரும் யாரையாவது விளித்தே புலம்புகிறார்: இறந்தவரை, காக்கத் தவறிய தெய்வத்தை, அல்லது உடனிருந்து அழும் சுற்றத்தை. அவ்வாறு விளிக்கப்படுபவர் எவரும் இல்லை என்று உறுதியாக எண்ணும் ஒருவர் பாடும் புலம்பல், புலம்பலாகவே நிலைக்குமா அல்லது சோர்ந்த மனநிலையின் வருணனையாகச் சுருங்கிவிடுமா என்ற கேள்வி சமய மெய்யியலில் ஓரமாகவே இருந்துவந்துள்ளது. இறையியலாளர்கள் அதைச் சங்கீத ஆய்வின் கிளைச் சிக்கலாகக் கண்டனர்; அழகியலாளர்கள் துன்பியல் நாடகம் பற்றிய விவாதத்தில் அதைக் கரைத்துவிட்டனர். இன்று அக்கேள்வி மிகக் கூர்மையாக எழுவது, இவ்விரு சாராரும் அதிகம் எட்டிப்பார்க்காத ஓரிடத்தில், அதாவது கோத், இண்டஸ்ட்ரியல், இருண்ட மின்னிசை என்றெல்லாம் வழங்கும் இசை வகைகளில். பாடகி டயமாண்டா காலாஸ் தம் 1986ஆம் ஆண்டு ஆல்பமான 'தி டிவைன் பனிஷ்மென்ட்'டை 2022இல் மறுவெளியீடு செய்ததும், டெப்பெஷ் மோட் குழு 2023 மார்ச்சில் 'மெமென்டோ மோரி'யை வெளியிட்டதும், தி கியூர் குழு 16 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024 நவம்பர் 1 அன்று 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' ஆல்பத்தைக் கொண்டுவந்ததும் அதைப் புதிதாகக் கேட்க இடந்தருகின்றன.

கோத் என்பது 1970களின் இறுதியில், பங்க் இசையின் முதல் ஆவேசம் தணிந்த இங்கிலாந்தில் உருவானது. பேஸ் கிதாரின் தாழ்ந்த ஒலியை முன்னிறுத்தி, எதிரொலியில் மிதக்கும் குரலில் மரணத்தையும் தனிமையையும் நம்பிக்கையிழப்பையும் பாடுவது அதன் வழக்கம். பௌஹாவுஸ் குழு 1979இல் வெளியிட்ட, ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும் 'பெலா லுகோசிஸ் டெட்' அதன் தொடக்கங்களில் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. இண்டஸ்ட்ரியல் என்ற பெயர், த்ராபிங் கிரிசில் குழு 1976இல் லண்டனில் நிறுவிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தை ஒட்டி வந்தது. இயந்திர இரைச்சலும் வெட்டி ஒட்டிய ஒலிநாடாவும் சிதைத்த குரலும் அதன் மூலப்பொருள்கள். இவ்விரண்டின் மனநிலையைச் சிந்தசைசருக்கும் டிரம் மெஷினுக்கும் கொண்டுசென்றதே இருண்ட மின்னிசை. எந்தக் குழு எந்த வகையைச் சேரும் என்று ரசிகர்கள் ஓயாது வாதிடுவர்; அவ்வாதம் இங்கு தேவைப்படாது.

துயரப் பாடலை மனிதர் ஏன் விரும்பிக் கேட்கின்றனர் என்பதற்கு அழகியல் தரும் விடைகள் பழையவை. துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி அவற்றைத் தூய்மைப்படுத்துகிறது என்று அரிஸ்டாட்டில் கருதினார். அதற்கு அவர் ஆண்ட கதார்சிஸ் என்ற சொல் இன்று உளவியல் வழக்கிலும் கலந்துவிட்டது. டேவிட் ஹியூம் 1757இல் வெளியான துன்பியல் பற்றிய கட்டுரையில், சொல்லழகும் கலைத்திறனும் தரும் இன்பம் துயர உணர்ச்சியின் வேகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது என்று விளக்கினார். இரண்டும் கேட்பவரின் உள்ளத்தில் நிகழ்வதைப் பற்றிய விளக்கங்கள். பாடுபவர் யாரிடம் பேசுகிறார் என்பதை இரண்டுமே கேட்பதில்லை. நாடகத்தில் அக்கேள்விக்கு இடம் குறைவு, ஏனெனில் அங்கே ஒரு பாத்திரத்தின் அழுகையை ஏற்க மேடையிலேயே மற்றொரு பாத்திரம் நிற்கிறது. தம் உடன்பிறந்தவரின் இறப்பைத் தம் சொந்தப் பெயரில் பாடுகிறவரிடமோ அதுவே முதற்கேள்வியாகிறது.

விவிலியத்தின் சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் அமைப்பை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் கிளாஸ் வெஸ்டர்மன், முறையீட்டில் தொடங்கும் அப்பாடல்கள் பெரும்பாலும் துதியை நோக்கித் திரும்புவதைச் சுட்டினார்: நோயும் பகையும் கைவிடப்பட்ட நிலையும் சொல்லப்பட்ட பிறகு, எங்கோ ஓரிடத்தில் குரல் மாறி, கடவுள் கேட்டருளினார் என்ற உறுதி பிறக்கிறது. 88ஆம் சங்கீதம் இந்தத் திருப்பத்தை மறுக்கிறது. இரவும் பகலும் கூப்பிடும் ஒருவர், தாம் ஏற்கெனவே கல்லறையில் கிடப்பவர்போல் எண்ணப்படுவதையும், நண்பர்கள் விலக்கப்பட்டதையும், இறந்தோர் எழுந்து துதிப்பதுண்டோ என்ற கசந்த வினாவையும் அடுக்கிச்சென்று இருளைச் சொல்லி நிறுத்திவிடுகிறார். விடியலுக்கு அங்கே ஒரு வரியும் இல்லை. இப்பாடலைத் திருச்சபை நீக்கிவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையில், அதாவது குருக்களும் துறவியரும் நாள்தோறும் வேளைதோறும் சொல்லும் மன்றாட்டு நூலில், வெள்ளிக்கிழமை உறங்கச் செல்லுமுன் சொல்லவேண்டிய சங்கீதமாக அது வைக்கப்பட்டிருக்கிறது. ஆறுதலில் முடியாத புலம்பலுக்கும் வழிபாட்டில் இடமுண்டு என்று அம்மரபு ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த இருண்ட பாடலும் முதல் வரியிலிருந்தே கடவுளை நேராக அழைப்பது என்பதை மறக்கலாகாது.

அமெரிக்க விவிலிய அறிஞர் வால்டர் புரூகமன் 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில், இக்காலத் திருச்சபை வழிபாடு புலம்பல் சங்கீதங்களைப் பெருமளவு கைவிட்டுவிட்டதாகவும், அதன் விலை சிறிதன்று எனவும் வாதிட்டார்: முறையிடும் உரிமையை இழந்த மனிதர் கடவுளோடு உண்மையான உறவில் நிற்க இயலாது, நீதியைப் பற்றிய கேள்வியும் அத்தோடு அடங்கிப்போகும். அதே 1986இல் இலண்டனின் மியூட் ரெக்கார்ட்ஸ் 'தி டிவைன் பனிஷ்மென்ட்' ஆல்பத்தை வெளியிட்டது. புரூகமன் அதைக் கேட்டிருப்பார் என்று எண்ணக் காரணமில்லை; எனினும் ஆலயம் கைவிட்டதாக அவர் வருந்திய பாடல்களே, 88ஆம் சங்கீதம் உட்பட, அந்த இசைத்தட்டில் இருந்தன.

சான் டியேகோ நகரில் கிரேக்கக் குடும்பம் ஒன்றில் 1955இல் பிறந்த காலாஸ், எய்ட்ஸ் நோய் அமெரிக்க நகரங்களில் இளைஞர்களைக் கொன்றுகுவித்த ஆண்டுகளில் இந்த ஆல்பத்தை உருவாக்கினார்; அவருடைய உடன்பிறந்தவரும் நாடக ஆசிரியருமான பிலிப் திமித்ரி காலாஸ் 1986இலேயே அந்நோயால் இறந்தார். நோய் கடவுளின் தண்டனை என்று போதகர் சிலர் அறிவித்துக்கொண்டிருந்த காலத்தில், அக்குற்றச்சாட்டையே தலைப்பாக்கி, உடலின் கசிவுகளைத் தீட்டென வகுக்கும் லேவியராகமத்தின் 15ஆம் அதிகாரத்தைச் சட்டம் படிக்கும் குரலில் அவர் ஒலித்தார். அதற்கு எதிராக நோயாளியின் வாயில் 22ஆம் சங்கீதத்தையும் 88ஆம் சங்கீதத்தையும் புலம்பல் ஆகமத்தையும் வைத்தார். ஒரே வேதத்தின் ஒரு பகுதி தண்டிக்க, மறுபகுதி முறையிடுகிறது. இரண்டுக்கும் நடுவே சிந்தசைசரின் தாழ்ந்த ரீங்காரம் நகராமல் கிடக்கிறது. பல ஒலிவாங்கிகள் வழியாகவும் மின்னணுக் கருவிகள் வழியாகவும் செலுத்தப்பட்டு, ஒரே தொண்டையிலிருந்து வழக்குரைஞரும் குற்றவாளியும் கூட்டமும் பேசுவதுபோல் குரல் பிளவுபடுகிறது. இம்முறைக்குத் தென்கிரேக்கத்தின் மானி பகுதிப் பெண்கள் பாடும் மிரோலோயா என்ற சாவுப் பாடல் மரபு பின்புலமாக உள்ளது. ஒப்பாரி அறிந்த தமிழ் வாசகருக்கு அதை நீட்டி விளக்கத் தேவையில்லை: அதுவும் இறந்தவரை முன்னிலையில் அழைத்துப் பேசுவது, சாவுக்குக் காரணமானவரைப் பெயர் சொல்லி வைவது, மானியில் சில வேளை பழிவாங்கவும் தூண்டுவது.

1989 டிசம்பரில் நியூயார்க்கின் புனித பாட்ரிக் பேராலயத்தில், எய்ட்ஸ் குறித்த திருச்சபையின் நிலைப்பாட்டை எதிர்த்து நடந்த போராட்டத்தில் காலாஸ் கைதானார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே நகரின் புனித ஜான் பேராலயத்துக்குள், இடைக்கு மேல் ஆடையின்றி, இரத்தம்போன்ற செந்நிறம் உடலெங்கும் வழிய, 'பிளேக் மாஸ்' என்ற திருப்பலியை நிகழ்த்தினார். அதன் பதிவு 1991இல் வெளிவந்தது. இறைநிந்தனை என்ற குற்றச்சாட்டு எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் நிந்தனை என்பது இலக்கணப்படி முன்னிலையைக் கோரும் செயல்; இல்லாதவரை ஏசுவதற்கு எவரும் பேராலயத்தின் பலிபீடம்வரை நடந்துசெல்வதில்லை. யோபு தம் பிறந்த நாளைச் சபித்து, கடவுளை வழக்காட அழைத்தபோது நண்பர்கள் அதிர்ந்தனர்; நூலின் இறுதியில் கடவுள் கடிந்துகொள்வது நண்பர்களைத்தான். காலாஸ் நம்பிக்கை கொண்டவரா என்ற கேள்வி இங்கே இரண்டாந்தரமானது. அவருடைய புலம்பலில் விளி அழியவில்லை. குற்றக்கூண்டில் நிறுத்தப்படுவதற்காகவேனும் கடவுள் அங்கே வரவழைக்கப்படுகிறார்.

இண்டஸ்ட்ரியல் இசையின் முன்னோடிகள் செய்தது வேறு. த்ராபிங் கிரிசில் தம் நிறுவனத்தின் சின்னமாக ஆஷ்விட்ஸ் வதைமுகாமோடு தொடர்புடைய ஒரு கட்டடப் படத்தை வைத்துக்கொண்டது. 1979இல் வந்த '20 ஜாஸ் ஃபங்க் கிரேட்ஸ்' ஆல்பத்தின் அட்டையில் நால்வரும் பூக்களிடையே சிரித்தபடி நிற்கும் புல்வெளி, தற்கொலைகளுக்குப் பேர்போன பீச்சி ஹெட் மலைமுகடு. தொழிற்சமுதாயம் மூடிவைத்த கொடுமையை முகத்துக்கு நேரே காட்டுவது அவர்களின் நோக்கம் என்று ஆதரவாளர் கூறுவர், அதில் உண்மையுண்டு. ஆயினும் காட்டுவதும் விளிப்பதும் ஒன்றல்ல. காட்டும் கலையில் இறந்தோர் பொருளாகவே நிற்கின்றனர். அவர்களிடம் எவரும் பேசுவதில்லை, அவர்களுக்காக எவரிடமும் முறையிடுவதுமில்லை. ஆஷ்விட்ஸுக்குப் பின் கவிதை எழுதுவதைக் கண்டித்து 1951இல் அச்சேறிய தம் கூற்றை மெய்யியலாளர் தியோடோர் அடோர்னோ 1966இல் தளர்த்தியபோது, வதைபடுபவருக்கு அலற உரிமையுள்ளதுபோல் நீடிக்கும் துன்பத்துக்கும் வெளிப்பட உரிமையுண்டு என்று கூறினார். அவ்வுரிமை அலறலுக்கு உரியது. அலறல் நிகழ்ந்த இடத்தின் படத்தைச் சின்னமாக்குவதற்கும் அது பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. பிற்காலத்தில் இந்த வகையில் மலிந்துபோன சீருடைகளும் பிணப் படங்களும் அந்த ஐயத்தை வலுப்படுத்தவே செய்தன.

கோத் இங்கிலாந்தில் தோன்றியதற்குத் தொழில் நகரங்களின் சிதைவையும் வேலையின்மையையும் காரணமாகக் கூறுவது வழக்கம். அதைவிட ஆழமான சமயக் காரணம் ஒன்றும் உண்டு. இடைக்கால ஆங்கிலேயருக்கு இறந்தோர் பேசத்தக்கவர்களாகவே இருந்தனர். உத்தரிக்கிற தலத்தில், அதாவது இறந்தோர் பாவம் கழியும்வரை துன்புறுவதாக நம்பப்பட்ட இடைநிலையில், அவர்கள் உயிருள்ளோரின் மன்றாட்டை எதிர்நோக்கியிருந்தனர். கல்லறைக் கற்கள் வழிப்போக்கரிடம் தம் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுமாறு கேட்டன. இறந்தோருக்குத் திருப்பலி நிறைவேற்றவென்றே நிலமும் பொருளும் எழுதிவைக்கப்பட்ட சிற்றாலயங்கள் நாடெங்கும் இருந்தன. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தார். ஆறாம் எட்வர்டின் அரசு 1547இல் சட்டம் இயற்றி அச்சிற்றாலயங்களையும் ஒழித்தது. உத்தரிக்கிற தலம் மறுக்கப்பட்டதோடு, இறந்தோரை நோக்கிய பேச்சு பொருளற்றதாயிற்று. அதன்பின் எழுந்த கல்லறைகள் பார்ப்பவரிடம் எதையும் கேட்கவில்லை. நீயும் சாவாய் என்று எச்சரிப்பதோடு நின்றன. ஹொரேஸ் வால்போல் 1764இல் 'ஓட்ராண்டோ கோட்டை' நாவலை எழுதியபோது, இடிந்த மடங்களையும் அமைதியுறாத ஆவிகளையும் சுற்றி வளர்ந்த காத்திக் இலக்கியம், சட்டம் அறுத்த உரையாடலைக் கதை வழியாக மீட்க முயன்றது என்றே கொள்ளலாம். தி கியூர் 1981இல் வெளியிட்ட, நம்பிக்கை என்று பொருள்படும் 'ஃபெய்த்' ஆல்பத்தின் அட்டையில் மூடுபனிக்குள் மங்கித் தெரிவது யார்க்‌ஷயரின் போல்டன் மடம். ஹென்றியின் காலத்தில் கலைக்கப்பட்ட அம்மடத்தின் ஒரு பாதி இன்றும் கூரையற்ற இடிபாடு. மறுபாதி பங்கு ஆலயமாக இயங்கிவருகிறது. அட்டைப்படம் இடிபாட்டை மட்டுமே நினைவூட்டுகிறது, கோத் இரசனைக்கு ஏற்ப.

கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்து அந்நம்பிக்கையைத் தொடராத, தி கியூர் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித், தாயையும் தந்தையையும் அண்ணனையும் இழந்த ஆண்டுகளின் விளைச்சல் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்'. எட்டே பாடல்கள் கொண்ட இந்த ஆல்பம் தொடங்கும்போதே முடிவைப் பற்றிப் பேசுகிறது. 'அலோன்' என்ற முதற்பாடலில் குரல் வருவதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதன் சொற்களுக்கு ஊற்றாக அமைந்த கவிதையை எழுதிய எர்னஸ்ட் டௌசன், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கத்தோலிக்கராக மதம் மாறி, 32 வயதில் நலிந்து இறந்தவர். டௌசனுக்குச் சோர்வின் மறுபுறத்தில் ஒரு பலிபீடம் இருந்தது. ஸ்மித் சோர்வை எடுத்துக்கொண்டு பலிபீடத்தை விட்டுவிட்டார். அண்ணன் ரிச்சர்டின் இறப்பைப் பாடும் 'ஐ கேன் நெவர் சே குட்பை', தலைப்பிலேயே விடைபெற இயலாமையை அறிக்கையிடுகிறது. நிறைவாக வரும் 'எண்ட்சாங்' பத்து நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. நிலவில் மனிதன் இறங்கியதன் ஐம்பதாம் ஆண்டில், சிறுவனாகத் தந்தையோடு அந்நிலவைப் பார்த்ததை நினைத்துக்கொண்ட தருணத்திலிருந்து அது பிறந்ததாக ஸ்மித் கூறியுள்ளார். எதுவும் மிஞ்சவில்லை என்ற பொருளிலேயே அது அடங்குகிறது. சங்கீதக்காரர் இருளில் முடித்ததுபோல் இவர் இன்மையில் முடிக்கிறார். வேறுபாடு யாதெனில், அங்கே இருளைக் கடவுளிடம் முறையிடும் ஒருவர் இருந்தார், இங்கே இன்மையை எவரிடமும் முறையிட முடியாது.

அப்படியானால் இது வருணனையாகச் சுருங்கிவிட்டதா? பாடல்களின் கட்டமைப்பு வேறொன்றைச் சொல்கிறது. இசை நெடுநேரம் ஒலித்தபின் குரல் வருவதும், வந்த குரல் சிறிது பேசி அடங்குவதும், மீண்டும் இசை நீள்வதும், எதிர்க்குரலுக்கு இடம்விட்டு அமையும் வழிபாட்டின் ஒழுங்கை ஒத்திருக்கின்றன. மறுமொழி வரவேண்டிய இடம் காலியாக இருப்பது உண்மை. அந்த இடம் அடைக்கப்படவில்லை என்பதும் உண்மை. ஆறுதல் கூறும் பாடல் என்றால் அங்கே ஓர் அறிவுரையை வைத்திருக்கும். காலம் ஆற்றும் என்றோ, நினைவில் வாழ்வார் என்றோ சொல்லி முடித்திருக்கும்.

நீட்சே 1882இல் எழுதிய நூலில் ஒரு பித்தன் சந்தையில் விளக்கேந்தி வந்து, கடவுள் இறந்தார், அவரைக் கொன்றவர்கள் நாமே என்று அறிவிப்பது பலரும் அறிந்தது. அக்கதையின் கடைசிப் பகுதி குறைவாகவே பேசப்படுகிறது: அன்றைய நாளே பித்தன் ஆலயங்கள் பலவற்றுள் புகுந்து, இறந்தோருக்காகப் பாடும் இளைப்பாற்றிப் பாடலைக் கடவுளுக்காகப் பாடினான் என்கிறார் நீட்சே. கடவுள் இல்லை என்று வாதிடுபவனுக்கு அந்தப் பாடல் வேண்டியதில்லை, இழந்தவனுக்கே வேண்டும். டெப்பெஷ் மோட்டின் பயணம் இக்கதையை நினைவூட்டுவது. எசெக்ஸ் மாவட்டத்துப் பாசில்டனில் உருவான அக்குழுவின் ஆண்டி ஃபிளெச்சர் இளமையில் ஆலயப் பணிகளில் ஈடுபட்டவர். குழுவின் பாடலாசிரியர் மார்ட்டின் கோர் அந்த ஆலயத்துக்குச் சென்றபோது, மன்றாட்டுப் பட்டியலின் முதலில் பெயர் வந்தவர் இறந்துபோவதும், எனினும் சபையார் கடவுளுக்கு நன்றி கூறுவதும் அவரைக் குழப்பின. 1984இல் வந்த 'பிளாஸ்ஃபிமஸ் ரூமர்ஸ்' பாடலின் தோற்றம் அதுவே. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 'மெமென்டோ மோரி' என்ற தலைப்பும் பாடல்களில் பலவும் தயாராகியிருந்த நிலையில், 2022 மே 26 அன்று ஃபிளெச்சர் 60 வயதில் இறந்தார். சாவாய் என்பதை நினைவில் கொள் என்று பொருள்படும் அந்த இலத்தீன் தொடரை அவர்கள் மாற்றவில்லை. 'கோஸ்ட்ஸ் அகெய்ன்' பாடலின் காணொளியில், மீதமிருந்த இருவரும் இங்மர் பெர்க்மனின் 'தி செவன்த் சீல்' படத்து வீரனும் மரணமும்போல் சதுரங்கம் ஆடுகின்றனர். பெர்க்மனின் வீரன் தேடியது கடவுளிடமிருந்து ஒரு சொல். ஆல்பத்தின் கடைசிப் பாடலுக்கு, என்னிடம் பேசு என்ற பொருளில், 'ஸ்பீக் டு மீ' என்று பெயர். பேசவேண்டியவர் யார் என்று தலைப்பு சொல்வதில்லை.

இவற்றை மறைமுக மன்றாட்டு என்று உரிமை கொண்டாடும் இறையியலாளர் உண்டு. கலப்பற்ற கவனமே மன்றாட்டு என்ற மெய்யியலாளர் சிமோன் வெய்லின் கருத்தை அவர்கள் துணைக்கழைப்பர். பெயரில்லாத விளியும் இறுதியில் கடவுளையே சென்றடையும் என்பர். அது பிறர் வீட்டுக் குழந்தைக்குத் தம் வீட்டுப் பெயரை வைப்பதைப்போன்றது. நம்பாதவரின் சொல்லை அவர் கருதியதாகவே ஏற்பது அறம். ஸ்மித் இன்மை என்றால் அவர் சொல்வது இன்மையையே. மறுபுறம், இவை யாவும் மனப்பாரம் இறக்கும் உளவியல் உத்தி என்ற விளக்கமும் போதாது. பாரம் இறக்கவேண்டும் என்பதே நோக்கமானால், 2022 அக்டோபரில் முதன்முறை மேடையேறிய, அண்ணனைப் பற்றிய பாடலை ஸ்மித் இரவுக்கிரவு, நகருக்கு நகர், ஆயிரக்கணக்கானோர் முன் மீண்டும் எடுத்துச் சுமக்கவேண்டியதில்லை. புலம்பலின் நோக்கம் துயரை ஆற்றுவது என்று கொள்வதே பிழையாகத் தோன்றுகிறது. இறந்தவர் ஒரு பாடமாகவோ தேற்றமாகவோ மாறிவிடாமல், விளிக்கப்படவேண்டியவராகவே நீடிக்கச் செய்வது அதன் பணி. கடவுள் உண்டு என்பவருக்கும் இல்லை என்பவருக்கும் இப்பணி பொதுவாக இருக்கமுடியும். மறுமொழி வரும் என்ற எதிர்பார்ப்பில் மட்டுமே இருவரும் பிரிகின்றனர்.

புலம்பலுக்குச் சுற்றமும் வேண்டும். 1992 முதல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடைபெறும் வேவ் கோத்திக் டிரெஃபன் விழாவில் ஏறத்தாழ 20,000 பேர் கருப்புடையில் கூடுகின்றனர். அது ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே விடுமுறையில், அதாவது அஞ்சியிருந்த சீடர்மேல் தூய ஆவி இறங்கிப் பல மொழிகளில் பேசவைத்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறும் நாளில் நிகழ்வது நாட்காட்டியின் வசதியே, அதற்கு மேல் பொருள் தேடுவது வீண். எனினும் ஒப்பனையும் விற்பனையும் பெருத்த அக்கூட்டத்தையும் சுற்றம் அல்ல என்று தள்ளிவிட இயலாது. சாவு வீட்டுக்கு வருவோர் எல்லாரும் அழவா வருகின்றனர்?

காலாஸின் ஆல்பம் மறுவெளியீடான 2022இல், அது எழுந்த சூழல் பெரிதும் மாறியிருந்தது. 1990களின் நடுப்பகுதி முதல் கிடைத்த கூட்டு மருந்துகள், அவை எட்டிய இடங்களிலெல்லாம், எய்ட்ஸைக் கட்டுக்குள் வைத்து வாழக்கூடிய நோயாக்கிவிட்டன. தண்டனை என்று முழங்கிய போதகர்களில் பலர் மறைந்துவிட்டனர். ஒலிப்பதிவில் ஒரு சொல்லும் மாறவில்லை. லேவியராகமத்தின் குரல் இன்னமும் தீட்டு என்று தீர்ப்பளிக்கிறது. மருந்து வருமுன் இறந்தவர்களின் சார்பில் 88ஆம் சங்கீதம் இன்னமும் முறையிடுகிறது, நோய் தணிந்ததனால் அவ்வழக்கு தள்ளுபடியாகிவிடவில்லை என்பதுபோல்.